எந்த நாட்டு பெயிண்ட்பால் ஒசத்தி? கடைமடையில போய் பாருங்க

போன ஞாயித்துக்கிழமை மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டீக்கடையில உக்காந்து பசங்களோட போன்ல பெயிண்ட்பால் மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தோம். ஒருத்தன் அமெரிக்காதான் டாப்புன்னான், இன்னொருத்தன் ரஷ்யாக்காரன் முன்னாடி எவனும் நிக்க முடியாதுன்னான், மூணாவது ஆளு கோலாலம்பூர்ல வேலை பாத்துட்டு வந்தவன், அவன் மலேசியாவை கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்கல. ஒரு மணி நேரம் ஓடிப்போச்சு, ஆனா எதை வச்சு சொல்றேன்னு ஒருத்தனும் சொல்லல. எல்லாரும் கப்பு, ஹைலைட்ஸ் ரெண்டை வச்சே பேசுனாங்க. நான் மலேசியாவுல ஜோகூர்ல ஆறு வருஷம் வேலையில இருந்தப்ப லீவு நாள்ல கீழ் டிவிஷன் டீம் ஒண்ணுல ஆடிருக்கேன், தோத்ததுதான் அதிகம், ஆனா யாரு எந்த லெவல்னு கண்டுபிடிக்க அந்த ஆறு வருஷத்துல ஒரு வழி கிடைச்சுது. அதை அப்படியே எழுதுறேன், நீங்களும் செஞ்சு பாருங்க.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வாங்கிக்கணும். ஜூன் 12 மேட்டூர்ல தண்ணி தொறந்தா பேப்பர்ல போட்டோ வரும், கல்லணையில பூ தூவுவாங்க, எல்லாம் சந்தோஷம்தான். ஆனா அந்த வருஷம் நல்ல வருஷமா இல்லையான்னு நம்மாளுங்க கல்லணையைப் பாத்து சொல்றதில்ல. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் கடைமடை வாய்க்கால்ல தண்ணி ஏறுச்சான்னு பாத்துட்டுதான் சொல்லுவோம். பெயிண்ட்பாலும் அதே கணக்குதான். ஒரு நாட்டோட முதல் டீமைப் பாக்குறது தலைமடையைப் பாக்குற மாதிரி, அந்த நாட்டோட பத்தாவது டீம், இருபதாவது டீம் எப்படி ஆடுதுன்னு பாத்தாதான் உண்மையான லெவல் தெரியும்.

ஆட்டம் தெரியாதவங்களுக்காக செத்த நேரம். 1981 ஜூன் 27, அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல ஹென்னிகர்ங்கிற ஊர் காட்டுல 12 பேர் ஆடுனதுதான் முதல் ஆட்டம். காட்டுல மரத்துக்கும் பண்ணையில மாட்டுக்கும் தூரத்துல இருந்தே பெயிண்ட் அடையாளம் வைக்கிற துப்பாக்கியை வச்சுதான் ஆடுனாங்க. அன்னைக்கு ஜெயிச்சவரு ரிச்சி ஒயிட்னு வனத்துல வேலை பாக்குறவரு, ஒரு குண்டுகூட சுடாம எல்லா கொடியையும் எடுத்துட்டு வந்துட்டாரு. இப்ப டோர்னமெண்ட்ல ஆடுறது வேற மாதிரி. சுமார் 45 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலத்துல புல்தரை, அதுல மறைஞ்சுக்க காத்தடிச்ச பங்கர்கள், பக்கத்துக்கு அஞ்சு பேர். பெயிண்ட் பட்டா அந்த பாயிண்ட், அதாவது அந்த ரவுண்டு, முடியுற வரைக்கும் வெளிய. ஒரு ஓரத்துல தாழ்வா நீளமா படுத்துக்கிடக்குறது ஸ்னேக், எதிர் ஓரத்துல முக்கோணம் முக்கோணமா நிக்கிறது டொரிட்டோ. 0.68 இன்ச் ஜெலட்டின் குண்டு வினாடிக்கு 300 அடி வேகம் வரைக்கும் போகும்.

சரி, இப்ப எப்படி ஒப்பிடுறதுன்னு வருவோம்.

எதையும் பாக்குறதுக்கு முன்னாடி உங்க கேள்வி என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. நாட்டோட சிறந்த அஞ்சு பேரையா, சிறந்த கிளப்பையா, இல்ல மொத்த நாட்டையா? இந்த மூணுக்கும் பதில் வேற வேற. கலந்துட்டீங்கன்னா டீக்கடை சண்டைதான் மிச்சம். இதுல பெரிய பொறி உலகக்கோப்பைங்கிற பேரு. ஃப்ளோரிடாவுல வருஷா வருஷம் நடக்குற வேர்ல்ட் கப் நாடும் நாடும் மோதுற போட்டி கிடையாது, அது அமெரிக்காவோட பெரிய லீக்கான என்எக்ஸ்எல்லோட சீசன் கடைசி டோர்னமெண்ட், ஆடுறது எல்லாம் கிளப்புங்க. மலேசியாவுல நடந்த வேர்ல்ட் கப் ஏசியாவும் அப்படித்தான், கிளப் டீமுங்கதான் காசு போட்டு வந்து ஆடுவாங்க. அதனால அந்த டீம் வேர்ல்ட் கப் ஜெயிச்சுது, அப்ப அந்த நாடு உலக சாம்பியன்னு எழுதாதீங்க, தப்பு. நாட்டு அணிங்க மோதுற நேஷன்ஸ் கப் மாதிரி போட்டிங்க தனியா இருக்கு, ஆனா அதுக்கு எல்லா நாடும் முழு பலத்தோட வர்றதில்ல, யாரு வந்தா யாரு வரலன்னு பாக்காம அந்த ரிசல்ட்டையும் எடுக்கக்கூடாது.

அடுத்தது ரோஸ்டர், அதாவது டீம்ல ஆடுறவங்க பட்டியல். டீம் பேர்ல இருக்குற ஊரை நம்பவே கூடாது. நம்ம பக்கம் பொங்கல் கபடிக்கு என்ன நடக்கும், பேனர்ல ஊர் பேரு இருக்கும், டீசர்ட்ல ஊர் பேரு இருக்கும், ஆனா பாடிப் போற முக்கிய ரைடர் ரெண்டு பேரு வெளியூர்ல இருந்து காசு கொடுத்து இறக்குன ஆளா இருப்பாங்க. அந்த கப்பை வச்சு அந்த ஊர்ல கபடி நல்லா இருக்குன்னு யாராச்சும் சொல்லுவோமா? பெயிண்ட்பால்ல இது ரொம்ப சகஜம். ஹூஸ்டன் ஹீட்னு அமெரிக்கா டீம், அதுல கான்ஸ்டான்டின் ஃபெடரோவ் மாதிரி ரஷ்யன் லீஜன்ங்கிற மாஸ்கோ கிளப்புல வளந்த ஆளுங்க ஆடிருக்காங்க. அந்த வெற்றியில எவ்வளவு டெக்ஸாஸ் கணக்கு, எவ்வளவு மாஸ்கோ கணக்கு? எட்மண்டன் இம்பாக்ட் கனடா டீம், ஆனா ஆடுறது அமெரிக்க லீக்ல, மோதுறது அமெரிக்கா தரத்தோட. நான் செய்யுறது இதுதான்: ரோஸ்டரை எடுத்து ஒவ்வொரு ஆளு பேருக்கு நேரா அவன் முதல் மூணு வருஷம் எந்த நாட்டு லீக்ல ஆடுனான்னு எழுதுவேன். பாஸ்போர்ட் எந்த நாடுங்கிறதைவிட எங்க ஆட்டம் கத்துக்கிட்டான்ங்கிறதுதான் முக்கியம். ஆளை வளத்த நாட்டுக்குத்தான் மார்க்.

டிவிஷன் பேரும் அப்படித்தான் ஏமாத்தும். என்எக்ஸ்எல்ல ப்ரோ, செமி ப்ரோ, அப்புறம் டிவிஷன் 2, 3, 4, 5ன்னு படி படியா இருக்கு. ஒவ்வொரு ஆளோட ரிசல்ட்டும் பதிவாகும், ஜெயிக்க ஜெயிக்க மேல ஏத்திவிட்டுருவாங்க, கீழ் டிவிஷன்லயே உக்காந்து சுலபமா கப்பு அடிச்சுக்கிட்டு இருக்க விட மாட்டாங்க. அமெரிக்காவுல ஆப்பான்னு சுருக்கமா சொல்ற ப்ளேயர் சங்கம்தான் பல வருஷம் இந்த கணக்கை வச்சிருந்துச்சு. வேற நாட்டுல டிவிஷன் 3ன்னு போட்டிருந்தா அது இதே டிவிஷன் 3 கிடையாது. டீம் கம்மியா இருக்குற நாட்டுல ரெண்டே டிவிஷன்தான் ஓடும், நல்லவன் புதுசா வந்தவன் எல்லாம் ஒரே தொட்டியில. அதனால ரெண்டு நாட்டு டிவிஷன் 3 சாம்பியனை பக்கத்துல பக்கத்துல வச்சு பேசுறதுக்கு முன்னாடி, ரெண்டு இடத்துலயும் மேல எத்தனை படி இருக்கு, ஒவ்வொரு படியிலயும் எத்தனை டீம் ஆடுதுன்னு எண்ணுங்க. மேல மூணு படி இருக்குற டிவிஷன் 3ம், மேல ஒரே படி இருக்குற டிவிஷன் 3ம் எப்படி சமமாகும்.

இப்ப ஸ்கோர். இங்கதான் பசங்க ரொம்ப அவசரப்படுறாங்க. எங்க ஊரு டீம் அவனை ஜெயிச்சுருச்சு, அதனால நாங்க மேலன்னு சொல்றாங்க. எத்தனை பாயிண்ட் மேட்ச்னு கேட்டா தெரியாது. பெயிண்ட்பால்ல ரேஸ் டு 2, ரேஸ் டு 4, ரேஸ் டு 7ன்னு இருக்கும், யாரு முதல்ல அத்தனை பாயிண்ட் எடுக்குறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, பொதுவா கீழ் டிவிஷனுக்கு சின்ன ரேஸ், மேல போகப் போக பெரிய ரேஸ். ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், நோட்டுல நீங்களும் போடலாம். நல்ல டீமுக்கு ஒவ்வொரு பாயிண்ட்லயும் ஜெயிக்க 100க்கு 60 வாய்ப்புன்னு வச்சுக்கோங்க. ரேஸ் டு 2ல அந்த டீம் மேட்ச்சை ஜெயிக்க வாய்ப்பு 65 கிட்ட. ரேஸ் டு 4ல 71. ரேஸ் டு 7ல 77. அப்ப ரேஸ் டு 2ல மூணு மேட்ச்சுக்கு ஒரு மேட்ச் கம்மியான டீம்தான் ஜெயிக்கும்! அந்த ஒரு மேட்ச்சை வச்சு ஒரு நாட்டையே மேல தூக்கி வைக்கலாமா? நேரமும் இருக்கு, கடிகாரம் முடிஞ்சா அப்ப யாரு முன்னாடி இருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க, அதனால சில ரேஸ் டு 7 மேட்ச் 3-2லயே முடிஞ்சிரும், அதை முழு ரேஸா எண்ணாதீங்க. என் கணக்குல ஒரே ரெண்டு டீம் குறைஞ்சது 20 பாயிண்ட் மோதியிருந்தாதான் அந்த ஒப்பீட்டை நோட்டுல ஏத்துவேன், அதுக்குக் கீழ இருந்தா பென்சில்ல மட்டும் எழுதி வைப்பேன்.

நேரா மோதாத ரெண்டு நாட்டுக்கு சங்கிலி போடணும். மலேசியா டீம் ஒண்ணு ஃப்ரான்ஸ் டீமோட ஆடவே இல்ல, ஆனா ரெண்டு பேரும் வேற வேற இடத்துல ஒரே அமெரிக்க டீமோட ஆடிருக்காங்கன்னா அந்த அமெரிக்க டீம் நடுவுல அளவுகோல். ஜெயிச்சாங்களா தோத்தாங்களாங்கிறதை விட்டுட்டு எத்தனை பாயிண்ட் வித்தியாசம்னு மட்டும் எழுதுங்க. சங்கிலி ரெண்டு கண்ணிக்கு மேல போனா விட்டுருங்க, மூணாவது கண்ணியில எல்லாம் கற்பனை ஆயிரும். அதோட ஒரே சீசனுக்குள்ள இருக்கணும். 2000 கால ரஷ்யன் லீஜன் ரிசல்ட்டை எடுத்து இன்னைக்கு ஒரு ஸ்வீடன் டீமோட ரிசல்ட்டுக்குப் பக்கத்துல வைக்கிறது போன தலைமுறை மாட்டுவண்டி பந்தயத்தையும் இந்த வருஷ பந்தயத்தையும் சேத்து வைக்கிற மாதிரி.

யாரு எங்க போயி ஆடுனாங்கன்னும் பாருங்க. பயணம் போன டீம் அசந்துபோயி, வாடகை காத்து டேங்க், தெரியாத பெயிண்ட் வச்சு ஆடும். லேஅவுட் வேற இருக்கு. பெரிய லீக்ல பங்கர் எங்க எங்க வைக்கப் போறாங்கன்னு போட்டிக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே வெளியிட்டுருவாங்க. சொந்தமா புல்தரையும் பங்கர் செட்டும் வச்சிருக்குற டீம் அதே மாதிரி போட்டுப் பார்த்துட்டு வரும். நாங்க ஆடுன டீமுக்கு பங்கர் செட் கிடையாது, பிளாஸ்டிக் பேரலும் பழைய டயரும் அடுக்கி லேஅவுட் போடுவோம், உயரம் சரியா வராது, போட்டி அன்னைக்குப் போயி நின்னா நாங்க சுடப் பழகி வச்ச கோடு எல்லாம் ஒரு அடி தள்ளிப் போகும். தெறமை கம்மின்னு சொல்லலாம், ஆனா அதுல எவ்வளவு வசதி கம்மின்னு பிரிச்சுப் பாக்கணும்.

விதிமுறையும் நாட்டுக்கு நாடு மாறும், இது நெறைய பேருக்குத் தெரியாது. ஜெர்மனியில பெயிண்ட்பால் கன்னுக்கு சட்டப்படி 7.5 ஜூல் தான் சக்தி, 18 வயசு ஆகணும். சுமார் 3 கிராம் குண்டு வினாடிக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர் வேகத்துல போனா அது 12.5 ஜூல். 7.5 ஜூலுக்குள்ள நிக்கணும்னா வினாடிக்கு 70 மீட்டர் கிட்டத்தான் போக முடியும். வேகம் கம்மியானா குண்டு சீக்கிரம் கீழ எறங்கும், தூரத்துல ஓடுறவனை அடிக்க இன்னும் மேல தூக்கிப் பிடிக்கணும். வீட்டுல அந்த வேகத்துல பழகுன பையன் வெளிநாடு போயி 300ல ஆடும்போது கைப்பழக்கத்தையே மாத்தணும். 18 வயசுங்கிறது இன்னும் பெரிய விஷயம். அமெரிக்காவுல பத்து பன்னெண்டு வயசுல அப்பனோட மைதானத்துக்கு வந்து 18 வயசுல ஏழு எட்டு வருஷ அனுபவத்தோட நிப்பான், அந்த வயசுலதான் ஜெர்மனி பையன் முதல் கன்னைத் தொடுறான். அப்படி இருந்தும் ஜெர்மனி டீமுங்க ஐரோப்பாவுல நின்னு ஆடுறாங்கன்னா அந்த பசங்க மேல எனக்கு தனி மரியாதை. அதனால ரெண்டு நாட்டு பசங்களை ஒப்பிடும்போது வயசைப் பாக்காதீங்க, எத்தனை வருஷமா ஆடுறான்னு பாருங்க.

பெயிண்ட் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். குண்டோட ஓடு ஜெலட்டின், மீன் எண்ணெய் மாத்திரை ஓடு மாதிரியே. ஈரக்காத்து பட்டா ஊதிப் பெருசாகும், மெதுவாகும், வட்டம் போயி முட்டை மாதிரி ஆயிரும். ஜோகூர்ல ஒரு மழைக்காலத்துல ராத்திரி பை வாயைக் கட்டாம விட்டுட்டேன், மறுநாள் காலையில கையில எடுத்தா பிசுபிசுன்னு ஒட்டுது, மழை நாள்ல டப்பா மூடாம விட்ட அப்பளம் மாதிரி வதங்கிப் போச்சு. மேட்ச்ல மூணாவது பாயிண்ட்ல பேரல் உள்ளயே உடைஞ்சு மஞ்சளா வழிஞ்சுது, அதுக்கப்புறம் சுட்ட குண்டெல்லாம் நேரா போகாம வளைஞ்சு வளைஞ்சுதான் போச்சு. எதிர்ல யாராச்சும் அதை வீடியோ எடுத்துப் பாத்தா இவனுக்கு சுடவே தெரியலன்னுதான் சொல்லிருப்பாங்க. வெப்பமான ஈரமான நாட்டு மேட்ச்சைப் பாக்கும்போது இதை ஞாபகம் வைங்க. குண்டு நேரா போகுதா, பேரல்ல உடையுதா, பாயிண்டுக்கு நடுவுல எத்தனை பேரு பேரலைத் தொடைக்கிறாங்கன்னு பாருங்க, அது ரொம்ப இருந்தா சுடுற தெறமைக்கு மார்க் போடாதீங்க, நகர்ற தெறமைக்கு மட்டும் போடுங்க. காசும் இதுல சேரும். ஒரு கேஸ்ல, அதாவது ஒரு பெட்டியில, 2,000 குண்டு, இடுப்புல மாட்டிக்கிற குண்டு டப்பாவான பாட் ஒண்ணுல 140. வினாடிக்கு பத்து சொச்சம் வேகத்துல ஒரு பாட் 14 வினாடியில காலி. கேஸ் கேஸா வாங்கி வாராவாரம் பழகுற நாட்டுக்கும், இறக்குமதி வரி கட்டி மாசத்துக்கு ஒரு கேஸ் வாங்கி அஞ்சு பேரு பங்கு போடுற நாட்டுக்கும் கையில வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

இப்ப வீடியோ பாக்குறது எப்படின்னு சொல்றேன், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. ஹைலைட்ஸ் வேண்டாம், முழு மேட்ச் எடுங்க. ஒரு நாட்டுக்கு 20 பாயிண்ட். ஒவ்வொரு பாயிண்டுக்கும் முதல் அஞ்சு வினாடியை கால் வேகத்துல ஓட விடுங்க. அதுதான் பிரேக்அவுட், ஹாரன் அடிச்சதும் அஞ்சு பேரும் அவங்க அவங்க பங்கருக்குப் பாயுற நேரம். நல்ல டீம்ல ஒண்ணு ரெண்டு பேரு பின்னாடி நின்னு ஒரே கோட்டுல விடாம சுடுவாங்க, அதுக்குப் பேரு லேன். எதிராளி ஓடி வந்து அந்த கோட்டைத் தாண்டித்தான் ஆகணும். வினாடிக்கு பத்து குண்டுன்னா ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையில 0.1 வினாடிதான், அந்த இடைவெளியில உடம்பைக் கடத்தணும். சின்ன டீம்ல என்ன பண்ணுவான்னா ஹாரன் அடிச்சதும் முதல்ல ஓடுவான், பங்கர்ல போயி உக்காந்துட்டு அப்புறமா சுட ஆரம்பிப்பான், லேன் காலியா கிடக்கும். பெரிய டீம்ல முதல் காலடி வைக்கும்போதே குண்டு காத்துல இருக்கும். ஓடுறவனும் ஓடிக்கிட்டே சுடுவான், தலை ஆடாது, கன் மட்டம் மாறாது. நோட்டுல மூணே கட்டம் போடுங்க: அஞ்சு வினாடியில ரெண்டு பக்கமும் எத்தனை பேரு உசுரோட இருக்காங்க, ஸ்னேக்கையோ டொரிட்டோ மூலையையோ யாரு முதல்ல புடிச்சாங்க, எத்தனை லேன் போட்டாங்க.

அப்புறம் நடு ஆட்டம். இங்க ஸ்னாப் ஷூட்டிங் பாருங்க, பங்கர்ல இருந்து எட்டிப் பாத்து ரெண்டு மூணு குண்டு சுட்டுட்டு உள்ள போறது. எவ்வளவு உடம்பு வெளிய வருதுங்கிறதை வச்சே லெவல் சொல்லிரலாம். புதுசா ஆடுறவனுக்கு தோள்பட்டை, முழங்கை, கன் மேல குண்டு நிரப்புற லோடர் எல்லாம் வெளிய தெரியும். நல்லவனுக்கு பேரலும் மாஸ்க்ல பாதிக் கண்ணாடியும் மட்டும்தான். பங்கரோட இடது பக்கம் சுடும்போது இடது கைக்கு கன்னை மாத்துறானான்னு பாருங்க, மாத்தலன்னா உடம்பு பாதி வெளிய வந்தே தீரும்.

இதை நான் உடம்புல வாங்கித்தான் கத்துக்கிட்டேன். ஜோகூர்ல ஒரு ரேஸ் டு 4 மேட்ச், நான் நடு மைதானத்துல கேன் பங்கர் பின்னாடி, எதிர்ல ஸ்னேக்ல ஒரு பையன், பதினஞ்சு வயசுக்கு மேல இருக்காது. அவன் இருந்த இடத்தை நான் கிட்டத்தட்ட நாப்பது குண்டு சுட்டேன், அவன் பதிலுக்கு சுடவே இல்ல. எனக்கு லோடர்ல குண்டு குறையுற சத்தம் கேட்டுச்சு, பாட் எடுக்க முதுகுப் பக்கம் கை போச்சு, அந்த நேரம் பாத்து இடது கையில பேரல் மட்டும் எட்டிப் பாத்துச்சு, ஒரே குண்டு, என் லோடர் மேல டப்புன்னு உடைஞ்சுது. அவன் நாப்பது குண்டும் எண்ணிக்கிட்டு இருந்திருக்கான். வெளிய வந்து நின்னு பாக்குறேன், அந்த பையன் அடுத்த பங்கருக்கு ஊர்ந்து போயாச்சு. நாங்க 4-0ல தோத்தோம். அன்னைக்கு அந்த பையனோட டீம் மொத்தத்துல பதினொண்ணாவதா வந்துச்சு. மலேசியா எவ்வளவு ஆழமா இருக்குன்னு எனக்கு அந்த பதினொண்ணாவது டீமைப் பாத்துதான் புரிஞ்சுது, முதல் டீமைப் பாத்து இல்ல.

ஆளு அவுட் ஆனா மத்தவங்க என்ன பண்றாங்கன்னும் பாருங்க. கத்துவாங்க, பேச்சுதான் இந்த ஆட்டத்துல பாதி. ஒருத்தன் கையைத் தூக்கிட்டு வெளிய நடக்கும்போதே பக்கத்துல இருக்கிறவன் அந்த ஓட்டையை அடைக்க நகரணும், எதிர் பக்கம் ஒருத்தன் விழுந்தா அதே வேகத்துல முன்னாடி ஏறணும். வீடியோவுல ஒரு ஆளு விழுந்ததுல இருந்து அடுத்த நகர்வு வரைக்கும் வினாடி எண்ணுங்க. ரெண்டு வினாடிக்குள்ள நடந்தா அது பழகுன டீம். அஞ்சு ஆறு வினாடி ஆகியும் எல்லாரும் அவங்க அவங்க பங்கர்லயே இருந்தா, தனித்தனியா நல்லா சுடுறவங்களா இருந்தாலும் டீம் இல்ல. கடைசியா மூணு பேருக்கு ஒருத்தன், ரெண்டு பேருக்கு ஒருத்தன்னு மிஞ்சும்போது முடிக்கிற விதம். நல்ல டீம் அவசரப்பட்டு ஓடி வந்து ஒருத்தனுக்கு ஒருத்தனா அவுட் ஆகிக்காது, ரெண்டு கோணம் புடிச்சு நடுவுல இருக்குறவனை நகர விடாம பண்ணிட்டுத்தான் ஒருத்தன் ஏறுவான். ஆள் கூட இருந்தும் தோத்த பாயிண்ட் எத்தனைன்னு தனியா ஒரு கோடு போட்டு வைங்க, ரெண்டு நாட்டு டீமுங்களைப் பிரிச்சுக் காட்டுறதுல இதைவிட நம்பகமான ஒண்ணு எனக்கு இதுவரைக்கும் கிடைக்கல.

இப்ப கடைமடை. இதுக்குத்தான் இவ்வளவும். ஒரு டோர்னமெண்ட் ரிசல்ட் பட்டியலை எடுத்து, நாடு வாரியா டீமைப் பிரிங்க. ஒவ்வொரு நாட்டுலயும் முதல் டீமுக்கும் பத்தாவது டீமுக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க. பத்து டீமே தேறாத நாடுன்னா அதையே எழுதிக்கோங்க, அதுவும் ஒரு பதில்தான். அமெரிக்காவுக்கு சான் டியேகோ டைனஸ்டி மாதிரி 2001ல ஆரம்பிச்சு இன்னமும் கப்பு அடிக்கிற டீம் இருக்குறது பெரிய விஷயம், ஆனா அதைவிடப் பெருசு அதுக்குக் கீழ டிவிஷன் டிவிஷனா நிக்கிற நூத்துக்கணக்கான டீமுங்க, எந்த மாநிலத்துல போயி கேட்டாலும் சனிக்கிழமை ஆடுறதுக்கு மைதானம் இருக்கு. தலைமடையில இருந்து கடைமடை வரைக்கும் தண்ணி ஓடுது. ரஷ்யா வேற மாதிரி. ரஷ்யன் லீஜன்னு ஒரு கிளப், முழுநேர வேலை மாதிரி பயிற்சி எடுத்து, அமெரிக்காவுக்கே போயி அவங்களை ஜெயிச்சுட்டு வந்துச்சு. தலைமடை நொங்கும் நுரையுமா பொங்குது, ஆனா அதுக்குக் கீழ அமெரிக்கா அளவுக்கு அகலம் கிடையாது. அஞ்சு பேருக்கு அஞ்சு பேருன்னு கேட்டா ஒரு காலத்துல ரஷ்யான்னு சொல்ல நியாயம் இருந்துச்சு, மொத்த நாடுன்னு கேட்டா எந்த வருஷத்துலயும் அமெரிக்காதான். டீக்கடையில சண்டை போட்ட ரெண்டு பசங்களும் அவங்க அவங்க கேள்விக்கு சரியாத்தான் சொன்னாங்க, கேள்விதான் வேற வேற.

ஐரோப்பாவுல எனக்கு ஃப்ரான்ஸ் மேல நம்பிக்கை அதிகம், டான்டான் மாதிரி பெரிய கிளப்பும் இருக்கு, கீழ லீக் ஆட்டமும் ஒழுங்கா நடக்குது. ஸ்வீடன்ல ஜாய் டிவிஷன், பெல்ஜியத்துல பிரேக்அவுட் ஸ்பா, சின்ன நாடுங்க, ஒரே கிளப் பேரைத் தூக்கி நிறுத்துச்சு, அந்த ஒரு கிளப்பை எடுத்துட்டா மிச்சம் என்னன்னு பாத்துட்டு மார்க் போடுங்க. ஆசியாவுல மலேசியாவுக்குத்தான் நான் ஆழத்துக்கு முதல் மார்க் போடுவேன், அந்த பதினொண்ணாவது டீம் பையனை நேர்ல பாத்தவன் நான்.

நம்ம நாட்டையும் இதே நோட்டுல எழுதுனேன், விட்டுக்கொடுக்காம. பெங்களூர், சென்னை பக்கம் எல்லாம் பிறந்தநாளுக்கும் கம்பெனி டூருக்கும் போயி ஆடுற இடங்கதான் நெறைய, வாடகை கன், மணிக்கணக்கு. அங்க ஆடுற ஆட்டத்தை எந்த டிவிஷன்லயும் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, அது வேற விளையாட்டு. ஆனா கபடியில கால் எடுத்து வைக்கிற நம்ம பக்கத்துப் பசங்களுக்கு முதல் அஞ்சு வினாடி ஓட்டம் சுலபமா வரும்னு நான் மனசார நம்புறேன். தரையோட தரையா குனிஞ்சு, திசை மாத்தி, மூச்சைக் கட்டி, எதிராளி தோள் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்குற பழக்கம் ஸ்னேக்ல அப்படியே உதவும். இடது கை சுடுறதும் லேன் போடுறதும்தான் புதுசா கத்துக்கணும்.

ஆரம்பிக்கிறவங்க ரெண்டே நாட்டை எடுத்துக்கோங்க, ஒரே சீசன், ஒரே அளவு ரேஸ். நாட்டுக்கு ரெண்டு டீம், ஒண்ணு மேல இருக்குறது, ஒண்ணு பத்தாவது இடத்துக்குப் பக்கத்துல இருக்குறது. டீமுக்கு 20 பாயிண்ட், மொத்தம் 80 பாயிண்ட், பாயிண்டுக்கு ரெண்டு மூணு நிமிஷம் வச்சாலும் நாலு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சிரும். பெரிய டீம் மேட்ச்சுக்கு நல்ல கேமரா, கமெண்ட்ரி எல்லாம் இருக்கும், பத்தாவது டீமுக்கு இருக்காது. அந்த மேட்ச் எல்லாம் யாரோ ஒரு பையனோட அப்பா வலைக்குப் பின்னாடி நின்னு போன்ல எடுத்து ஏத்திருப்பாரு, பாதி நேரம் அவரு பையனை மட்டும்தான் காட்டுவாரு, டொரிட்டோ பக்கம் தெரியவே தெரியாது. பரவாயில்ல, அதையே தேடி எடுங்க. சத்தத்தைக் கூட்டி வச்சு காதுல ஹெட்போன் போட்டுக் கேளுங்க, எதிராளி எந்த பங்கர்ல இருக்கான்னு உள்ள இருக்கிறவங்க எத்தனை தடவை ஒருத்தருக்கு ஒருத்தர் கத்திச் சொல்றாங்கன்னு எண்ணி அதை நோட்டுல நாலாவது கட்டமா சேத்துக்கோங்க.